ஃபெரட் விட்டு முயல் பிடிக்கிறது: அங்க நடக்கிறது இங்க ஏன் நடக்காது

குளிர்காலத்துப் புல் மேடு, அதுல அஞ்சாறு வளை, ஒவ்வொரு வளை வாயிலயும் ஒரு சின்ன வலை விரிச்சிருக்கு, ஒருத்தர் மரப்பெட்டியைத் திறந்து நீளமா வெள்ளையா ஒரு பிராணியை எடுத்து உள்ள விடுறாரு, கொஞ்ச நேரத்துல மண்ணுக்குள்ள தடதடன்னு சத்தம், அடுத்த நொடி ஒரு முயல் பாஞ்சு வந்து வலையோட உருளுது. இங்கிலாந்துல எடுத்த இந்த மாதிரி வீடியோக்கள் பெங்களூர் தமிழ் வாட்ஸப் குரூப்கள்லயும் சுத்துது, கூடவே கேள்விகளும் சுத்துது. இது என்ன கீரியா? ஆனேக்கல், ஓசூர் பக்கம் முயல் பிடிக்க இதை வெச்சுக்கலாமா? துப்பாக்கி இல்ல, கண்ணி இல்ல, அப்ப சட்டப்படி தப்பில்லதானே? அபார்ட்மென்ட் டிரெயினேஜ்ல குடியிருக்கற பெருச்சாளியை இது ஒழிச்சுக் கட்டுமா?

பதில் சொல்றவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கறாங்க. அதனால அடிப்படையில இருந்தே போகலாம். முதல்ல அந்தப் பிராணி, அப்புறம் அந்த வேட்டை எப்படி நடக்குது, அப்புறம் அது ஏன் அந்த ஊர் முயலுக்கு மட்டும் செட் ஆகுது, கடைசியா சட்டம், பெருச்சாளி, பெட் கடை.

1. ஃபெரட்னா என்ன

கீரி கிடையாது. கீரி தனிக் குடும்பம். ஃபெரட்டுக்குச் சொந்தம்னு நம்ம பக்கத்துல தேடினா காவேரியில இருக்கற நீர்நாயைத்தான் சொல்லணும், ரெண்டும் ஒரே குடும்பம். ஐரோப்பாவுல போல்கேட்னு ஒரு காட்டு மாமிசப் பிராணி இருக்கு, அதை மனுஷன் 2000 வருஷத்துக்கும் மேல வளர்த்துப் பழக்கினதுதான் ஃபெரட், அதாவது ஓநாய்க்கும் நாய்க்கும் என்ன உறவோ அதே உறவு. பேரு லத்தீன்ல இருந்து வந்தது, அர்த்தம் குட்டித் திருடன்.

மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் கிட்டத்தட்ட 50 செ.மீ. நீளம், ஆணுக்கு 1ல இருந்து 2 கிலோ எடை, பெண்ணுக்கு அதுல பாதி. வேட்டைக்காரங்க ஆணை ஹாப்னும் பெண்ணை ஜில்னும் சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல தூங்கும், கண்பார்வை சுமார், மூக்கும் காதும் பயங்கர கூர்மை. மாமிசம் மட்டும்தான் திங்கும், சோறு, பிஸ்கட், பழம் எதுவும் அதோட குடலுக்கு ஒத்துக்காது. உடம்பு டியூப் மாதிரி, தலை நுழையற ஓட்டையில மொத்த உடம்பும் நுழைஞ்சிரும், உள்ள போய் குறுகலான இடத்துலயே திரும்பி வரவும் முடியும். வேட்டையில அதைச் சேர்த்ததுக்கு முதல் காரணம் இந்த உடம்புதான். ரெண்டாவது காரணம் அதோட நாத்தம். போல்கேட் வாசனை மூக்குல பட்டாலே முயலுக்கு உசுரு போற பயம்.

இன்னொண்ணு, வீடியோ பார்க்கறவங்க நிறைய பேரு தப்பாப் புரிஞ்சுக்கறது: ஃபெரட் முயலைப் பிடிச்சுட்டு வர்றதில்ல. அதோட வேலை உள்ள போய் விரட்டுறது மட்டும்தான், பிடிக்கறது வலையும் மனுஷனும்.

2. அந்த வேட்டை எப்படி நடக்குது

வீடியோவுல 30 செகண்ட்ல முடியுது, நிஜத்துல ஒரு காலைப் பொழுது முழுக்கப் போகும். வரிசையாப் பார்த்தா இப்படி.

1) காலம். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும், குறிப்பா நல்ல குளிர்ல. அப்பதான் வளையை மூடியிருக்கற செடி கொடியெல்லாம் காய்ஞ்சு விழுந்து எல்லா ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும், வளைக்குள்ள முயல் குட்டிங்களும் பெரும்பாலும் இருக்காது. குட்டி இருந்தா ஃபெரட் அதைக் கொன்னு தின்னுட்டு அங்கயே தூங்கிரும், வேட்டை அத்தோட நின்னுரும். குட்டி வளர்க்கற காலத்துல தாயைக் கொல்றது கொடுமைங்கறதும் ஒரு காரணம்.

2) அனுமதி. நிலத்துக்காரர் சம்மதம் இல்லாம கால் வெச்சாலே அங்க அது திருட்டு வேட்டை.

3) வலை. நம்ம பாட்டிங்க இடுப்புல செருகியிருக்கற சுருக்குப்பையை நினைச்சுக்கோங்க, அதே அமைப்புதான், விளிம்பைச் சுத்தி ஒரு கயிறு ஓடும், கயிறோட நுனி ஒரு முளைக்குச்சியில கட்டி மண்ணுல அடிச்சிருக்கும். வளை வாயில அதை விரிச்சுப் போட்டுருவாங்க, முயல் வேகமா வந்து நடுவுல முட்டின உடனே அதோட வேகமே கயிறை இழுத்துப் பையை மூடிரும். முயல் எவ்வளவு வேகமா வருதோ அவ்வளவு கெட்டியா மூடும். ஒரு ஓட்டை விட்டுப் போச்சுன்னாலும் முயல் அது வழியாத்தான் போகும், அதனால புல்லை விலக்கி விலக்கி ஒவ்வொரு ஓட்டையா தேடறதுலயே பாதி நேரம் போயிரும்.

4) அமைதி. இதைத்தான் பழைய ஆளுங்க முக்கியமாச் சொல்லுவாங்க. மேல ஆள் நடக்கற அதிர்வு வளைக்குள்ள கேட்கும், வெளியில ஆள் இருக்குன்னு தெரிஞ்சா முயல் வெளிய வர்றதை விட உள்ளயே ஃபெரட்டோட மல்லுக்கட்டறதுக்குத் துணிஞ்சிரும். அதனால பேச்சு கிடையாது, பூட்ஸ் சத்தம் கிடையாது, காத்துக்கு எதிர்ப்பக்கமா நிப்பாங்க.

5) விடுறது. ஃபெரட் ஓட்டை வாயில நின்னு மோந்து பார்க்கும். உள்ள முயல் இருந்தா வால் மயிர் பாட்டில் பிரஷ் மாதிரி சிலிர்த்துக்கும், மெதுவா உள்ள போகும். முயல் இல்லாத வளைன்னா சாதாரணமா எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிரும். இந்த ஒரு நிமிஷத்துல அந்த மேட்டுல முயல் இருக்கா இல்லையான்னு அனுபவசாலி சொல்லிருவாரு. அப்புறம் காத்திருப்பு. மண்ணுக்குள்ள முயல் பின்னங்காலால தரையை அடிச்சு மத்த முயலுக்கு எச்சரிக்கை குடுக்கும், அந்த டொம் டொம் சத்தம் கால் வழியா மேல உணர முடியும்.

6) முடிக்கறது. வலையில விழுந்த முயலை உடனே கையில எடுத்துக் கழுத்தை முறிச்சுருவாங்க, ஒரு நொடி வேலை. தெரியாதவன் கையில அது சித்திரவதை ஆயிரும், அதனால புதுசா வர்றவங்களை ஒரு சீசன் முழுக்கக் கூட வெச்சுக் கத்துக்குடுப்பாங்க.

7) சிக்கல். ஃபெரட் சில நேரம் ஒரு முயலை முட்டுச் சந்துல மடக்கிக் கொன்னு அது பக்கத்துலயே படுத்துரும். அந்தக் காலத்துல பெரிய ஹாப் ஒண்ணோட கழுத்துல நீளமா கயிறு கட்டி, கயிறுல அளவுக்கு முடிச்சுப் போட்டு உள்ள விடுவாங்க, எத்தனை முடிச்சு உள்ள போச்சோ அதை வெச்சு தூரம் கணக்குப் போட்டுத் தோண்டுவாங்க. இப்ப கழுத்துப் பட்டையில சின்ன டிரான்ஸ்மிட்டர், மேல கையில ஒரு ரிசீவர், அது எந்த இடத்துல எத்தனை அடி ஆழத்துல இருக்குன்னு காட்டிரும், மண்வெட்டி எடுத்துத் தோண்டி எடுத்துருவாங்க. ஃபெரட்டை விட்டுட்டு வீட்டுக்குப் போறவனை அந்தத் தொழில்ல யாரும் மதிக்க மாட்டாங்க.

எனக்கு வேட்டை பிடிக்காது, ஆனா இதுல ஒரு தொழில் நேர்த்தி இருக்குங்கறதை மறைக்க முடியாது. விஷம் வைக்கறதோட ஒப்பிட்டா வேற பிராணி சாகாது, கண்ணியோட ஒப்பிட்டா ராத்திரி முழுக்கத் துடிக்கற வேதனை இல்ல. இதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா இங்க இதை வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் அந்த ஊர்க்காரங்க கெட்டவங்கங்கறது இல்ல.

3. அந்த முயலுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள கதை

ஐரோப்பிய முயல், தமிழ்ல குழிமுயல்னு எழுதுவாங்க, அதோட சொந்த ஊர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். கூட்டமா வாழும், மண்ணைக் குடைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த வளைகளா ஒரு காலனியே கட்டும். நம்ம ஊர்ல எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க, இதுங்களுக்கு எல்லாம் பொது வளைதான். குட்டி பொறக்கும்போது மயிர் இல்லாம, கண்ணு திறக்காம மண்ணுக்குள்ள கிடக்கும், கர்ப்ப காலம் சுமார் 30 நாள், வருஷத்துக்குப் பல ஈத்து. கொஞ்சம் விட்டா எண்ணிக்கை எங்கயோ போயிரும்.

2000 வருஷத்துக்கு முன்னாடியே இது பிரச்சனை ஆயிருக்கு. ஸ்பெயினுக்குக் கிழக்க இருக்கற பலியாரிக் தீவுக்காரங்க முயல் தொல்லை தாங்காம ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கிட்ட ராணுவ உதவி கேட்டாங்கன்னு பிளினிங்கற ரோம எழுத்தாளர் எழுதி வெச்சிருக்காரு. ஸ்ட்ராபோங்கற கிரேக்கப் புவியியல் அறிஞர், லிபியாவுல இருந்து வந்த ஒரு பிராணிக்கு வாய்க்கட்டு போட்டு வளைக்குள்ள விடுறதையும், அது முயலை நகத்தால இழுத்து வெளிய கொண்டு வர்றதையோ வெளிய விரட்டறதையோ, மேல ஆளுங்க காத்திருந்து பிடிக்கறதையும் விவரமா சொல்றாரு. இன்னைக்கு வீடியோவுல பார்க்கறது கிட்டத்தட்ட அதேதான், டிரான்ஸ்மிட்டர் மட்டும் புதுசு.

இங்கிலாந்துல இது வெறும் வேட்டைக் கதை கிடையாது, யாருக்கு நிலம் இருக்கு யாருக்கு இல்லங்கற கதையும் கூட. 1390ல இரண்டாம் ரிச்சர்ட் காலத்துச் சட்டம், வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் வர்ற நிலம் இல்லாதவன் வேட்டை நாய், ஃபெரட், வலை எதுவும் வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. ஏழை ஒருத்தன் கோட்டுப் பைக்குள்ள ஃபெரட்டை மறைச்சு வெச்சு ராத்திரியில ஜமீன் நிலத்துல போய் முயல் பிடிச்சா சத்தமே வராது, துப்பாக்கின்னா ஊரே எழுந்துக்கும், அதனாலதான் அவங்களுக்கு ஃபெரட் மேல அவ்வளவு கண்ணு. குத்தகை விவசாயி தன் பயிரை முயல் திங்கறதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும், கை வெச்சா முதலாளி சொத்து. 1880ல வந்த கிரவுண்ட் கேம் ஆக்ட்தான் அந்த விவசாயிக்கு தான் உழற நிலத்துல முயல் பிடிக்கற உரிமையைக் குடுத்துச்சு. 1954ல வந்த பெஸ்ட்ஸ் ஆக்ட் அதையும் தாண்டி, முயலைக் கட்டுப்படுத்தறது நிலம் வெச்சிருக்கறவன் கடமைன்னே ஆக்கிருச்சு. நாயை விட்டு வேட்டையாடறதைத் தடுக்கற 2004 சட்டத்துலயும் முயல், எலி ரெண்டுக்கும் விலக்கு இருக்கு.

அதாவது அங்க முயல்ங்கறது வெளியில இருந்து வந்து பெருகின பிராணி, பயிருக்கு எதிரி, சட்டமே பிடின்னு சொல்லுது. 1953ல மிக்ஸோமடோசிஸ்ங்கற வைரஸ் நோய் பிரிட்டன்ல நுழைஞ்சு கொஞ்ச வருஷத்துலயே 100க்கு 99 முயலைக் கொன்னுச்சு, அப்படியும் மறுபடி பெருகிருச்சுன்னா பார்த்துக்கோங்க.

4. நம்ம முயல் வளையில இருக்கறதே இல்ல

கட்டுரையோட நடு முடிச்சு இதுதான். தமிழ்ல முயல்னு ஒரே வார்த்தை, கன்னடத்துலயும் மொலன்னு ஒரே வார்த்தை. அதனால அந்த வீடியோ முயலும் நம்ம ராகிக் காட்டு முயலும் ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சிருது. ரெண்டும் தூரத்துச் சொந்தம், ஆனா வாழற விதம் நேர் எதிர்.

பெங்களூரைச் சுத்தி, ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, கோலார் பக்கம் இருக்கறது இந்தியக் காட்டு முயல், கழுத்துக்குப் பின்னாடி ஒரு கருப்புத் திட்டு இருக்கும், காதும் பின்னங்காலும் நீளம். இது மண்ணைத் தோண்டி வளை கட்டாது. அறுவடை முடிஞ்ச ராகித் தாள் வயல்லயோ, லண்டானா புதர் அடியிலயோ புல்லை அமுக்கி உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் பண்ணிக்கும், ஒரு சோத்துத் தட்டு அளவு இருக்கும், அவ்வளவுதான் வீடு. பகல் முழுக்கக் காதை முதுகோட ஒட்டி அதுல படுத்திருக்கும். மண்ணு நிறம், தாள் நிறம், அது நிறம் எல்லாம் ஒண்ணு. ரெண்டு அடி பக்கத்துல கால் வெச்சாலும் அசையாது, கடைசி நொடியில காலுக்கடியில இருந்து வெடிச்சுக் கிளம்பி வளைஞ்சு வளைஞ்சு ஓடும். கிளம்பின இடத்துல கை வெச்சுப் பார்த்தா பள்ளத்துல இன்னும் சூடு இருக்கும். குட்டி பொறக்கும்போதே மயிரோட, கண்ணு திறந்து பொறக்கும், ஏன்னா ஒளிய வளை கிடையாது.

இப்ப யோசிங்க, ஃபெரட்டை எந்த ஓட்டையில விடுவீங்க? வலையை எந்த வாயில விரிப்பீங்க? திறந்த வெளியில ஃபெரட்டால முயலைத் துரத்தவும் முடியாது, கால் குட்டை, வேகம் கிடையாது. நம்ம பக்கம் முயல் வேட்டைக்கு முதோல், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான ஓட்டக்கார நாயை வளர்த்தாங்களே தவிர வளைக்குள்ள நுழையற பிராணியை யாரும் பழக்கலைங்கறதுக்கும் இதுதான் காரணம். வேட்டைக்கருவி எப்பவும் இரையோட வீட்டைப் பார்த்துத்தான் உருவாகும்.

வளையில இருந்து விரட்டற வித்தை நம்மகிட்டயும் இருக்கு, ஆனா அது எலிக்கு. வட தமிழ்நாட்டு இருளர்கள் வயல் வரப்புல எலி வளைகளைக் கண்டுபிடிச்சு, மத்த ஓட்டைங்களை அடைச்சுட்டு, மண்பானையில வைக்கோலைப் பத்த வெச்சு வாயால ஊதிப் புகையை உள்ள ஏத்துவாங்க. ஃபெரட் செய்யற வேலையை அங்க புகை செய்யுது.

5. சட்டம் என்ன சொல்லுது

துப்பாக்கி இல்லைன்னா வேட்டை இல்லைன்னு நிறைய பேரு நம்பறாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கறதுக்குக் குடுத்திருக்கற விளக்கம் ரொம்ப அகலம். கொல்றது, விஷம் வைக்கறது, உயிரோட பிடிக்கறது, நாய் விட்டுத் துரத்தறது, கண்ணி, பொறி, விரட்டறது, இரை வெச்சு இழுக்கறது, இது எல்லாமே வேட்டை, இதுக்கு முயற்சி பண்றதும் வேட்டை. எந்தக் கருவிங்கறது கேள்வியே இல்ல. அதனால ஃபெரட்டை விட்டுக் காட்டு முயலை விரட்டினா, முயல் தப்பிச்சுப் போயிருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

வீட்டுல பெரியவங்க, அந்தக் காலத்துல லைசென்ஸ் வாங்கி முயல் சுட்டோம்னு சொல்றதும் பொய் கிடையாது. அந்தச் சட்டம் முதல்ல வந்தப்ப சின்ன வேட்டைப் பிராணி, பெரிய வேட்டைப் பிராணின்னு பிரிச்சு லைசென்ஸ் குடுக்கற ஏற்பாடு இருந்துச்சு. 1991 திருத்தம் அதை மொத்தமா எடுத்துருச்சு. 2022ல வந்து 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கற திருத்தம் பட்டியல்களை ஆறுல இருந்து நாலாக் குறைச்சப்ப காட்டு முயல் இரண்டாம் பட்டியல்ல வந்துருச்சு. பொதுவான தண்டனை 3 வருஷம் வரைக்கும் சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். இது மத்திய சட்டம், அதனால அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா வேற ரூல்ங்கற பேச்சுக்கு இடமில்ல, கர்நாடகாவுலயும் தமிழ்நாட்டுலயும் ஒண்ணுதான். பொங்கல் சமயத்துல சில கிராமங்கள்ல முயல் வேட்டை வழக்கம்னு சொல்லிப் போறவங்களை வனத்துறை வருஷா வருஷம் எச்சரிக்கறது இதுக்காகத்தான்.

சரி, காட்டு முயல் வேண்டாம், கடையில வாங்கின வெள்ளை முயலை விட்டு வேடிக்கை பார்க்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. வேடிக்கைக்காக ஒரு பிராணியை இன்னொரு பிராணிக்கு இரையா வைக்கறது, மோத விடுறது ரெண்டும் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாட்டியும் கூண்டுல பொறந்து வளர்ந்த, ஓடவே தெரியாத ஒரு ஜீவனுக்கு அதைப் பண்ணக் கூடாது.

6. பெருச்சாளிக்கு ஆகுமா

இங்கிலாந்துல பண்ணை வீட்டு எலிக்கு ஃபெரட்டும் டெரியர் நாயும் சேர்த்து விடுறது உண்டு. அங்கயே அனுபவசாலிங்க யோசிச்சுத்தான் விடுவாங்க, ஏன்னா முயல் ஓடும், எலி திருப்பிக் கடிக்கும். மாட்டிக்கிட்ட பெரிய எலியோட கடியில ஃபெரட்டுக்குக் கண்ணு போகலாம், காயம் சீழ் வெச்சுச் சாகலாம். நம்ம பெருச்சாளி அந்த ஊர் எலியை விடப் பெருசு, நல்லா வளர்ந்தது ஒரு சின்ன ஜில் ஃபெரட் எடைக்கே வரும்.

அதை விட முக்கியமானது டிரெயினேஜ் அமைப்பு. முயல் மேட்டுல இருபது ஓட்டைன்னா இருபதுக்கும் வலை போடலாம். பெங்களூர்ல ஒரு லேஅவுட்டோட சாக்கடை அடுத்த லேஅவுட்டுக்கும் அங்கிருந்து ராஜகால்வாய்க்கும் போகுது, எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு வரைபடத்துல கூட சுலபமாக் கண்டுபிடிக்க முடியாது. உள்ள விட்ட ஃபெரட் திரும்ப வராது. கான்கிரீட் ஸ்லாபுக்கு அடியில டிரான்ஸ்மிட்டர் காட்டினாலும் தோண்டி எடுக்க முடியாது. அந்தச் சாக்கடைத் தண்ணியில எலி மூத்திரம் வழியாப் பரவற லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், எலிக்காய்ச்சல்னு சொல்றோமே அதோட கிருமி, தப்பிச்சு வந்த ஃபெரட்டைத் துடைச்சு மடியில வெச்சுக்கறவங்களுக்கும் அது ஆபத்து.

எலி ஒரு இடத்துல இருக்குன்னா அங்க சாப்பாடு இருக்குன்னு அர்த்தம். குப்பை ரூம்ல ஈரக் கழிவு ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கறது, பேஸ்மென்ட்ல உடைஞ்ச ஜாலி, பைப் சுவருக்குள்ள போற இடத்துல அடைக்காத சந்து, இதைச் சரி பண்ணாம பத்து எலியைக் கொன்னா அந்த இடத்துக்கு அடுத்த மாசம் வேற பத்து வரும், எலிக்குக் கர்ப்ப காலம் மூணு வாரம்தான்.

7. விட்டுப் பார்த்த நாடுகள்

நியூஸிலாந்துல முயல் பெருகிருச்சுன்னு 1880கள்ல ஆயிரக்கணக்குல ஃபெரட்டைக் கொண்டு வந்து விட்டாங்க, பின்னாடியே அதோட சொந்தக்காரங்களான ஸ்டோட், வீசலும். முயல் குறையலை. ஆனா பறக்கத் தெரியாத, தரையில கூடு வைக்கற அந்த மண்ணோட பறவைங்களுக்குப் பாலூட்டி எதிரின்னா என்னன்னே தெரியாது, கிவி, காக்காப்போ மாதிரி பறவைங்க அழிவோட விளிம்புக்கே போயிருச்சு. வளர்ந்த கிவியைக் கூட ஃபெரட் கொன்னுரும். மாட்டுக்கு வர்ற காசநோயையும் அங்க அது சுமந்துக்கிட்டு இருக்கு. கடைசியில 2002ல ஃபெரட் விக்கறது, வளர்த்துப் பெருக்கறது எல்லாத்தையும் தடை பண்ணாங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து, அமெரிக்காவுல கலிஃபோர்னியா, ஹவாய் இங்கயும் வெச்சுக்கவே தடை.

நம்ம கீரிக்கும் இதே கதை நடந்திருக்கு. 1872ல கல்கத்தாவுல இருந்து 9 கீரியை ஜமைக்காவுக்குக் கொண்டு போய் கரும்புத் தோட்டத்து எலிக்காக விட்டாங்க, அதோட வாரிசுங்க 1883ல ஹவாய்க்கும் போச்சு. எலி ராத்திரியில நடமாடும், கீரி பகல்ல. ரெண்டும் சந்திச்சுக்கறது கம்மி, பறவை முட்டையும் ஆமை முட்டையும்தான் போச்சு.

இந்தியாவுல ஃபெரட் தப்பிச்சா நியூஸிலாந்து மாதிரியே ஆயிரும்னு நான் சொல்லலை, இங்க கீரி, காட்டுப்பூனை, தெருநாய் எல்லாம் இருக்கு, வெயிலும் அதுக்கு எதிரி, தப்பிச்ச ஃபெரட் கொஞ்ச நாள்லயே செத்துப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தச் சாவுக்கு யாரு பொறுப்புங்கறதுதான் அடுத்த விஷயம்.

8. வீடியோ பார்த்துட்டு வாங்கப் போறவங்களுக்கு

விக்கறவங்க சொல்ற ரெண்டு வாக்கியத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு, இது வனவிலங்கு இல்ல, அதனால எந்தப் பேப்பரும் தேவையில்ல. முதல் பாதி சரி, வீட்டு ஃபெரட் நம்ம வனவிலங்குப் பட்டியல்ல இல்ல, சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் பட்டியல்லயும் இல்ல, அதனால 2024 பிப்ரவரியில வந்த அயல்நாட்டு உயிரினப் பதிவு விதிகள் இதுக்கு நேராப் பொருந்தாது. ரெண்டாவது பாதி தப்பு. பெட்னு சொல்லி வெளிநாட்டுப் பயணி கூடக் கொண்டு வரக்கூடியது நாய், பூனைதான், வேற உயிருள்ள பிராணின்னா இறக்குமதி லைசென்ஸும் சுகாதார அனுமதியும் வேணும், பெங்களூர்லயே அதுக்கான மத்திய கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கு. அந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. இங்கயே பொறந்ததுன்னு சொன்னா தாயும் தகப்பனும் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.

ரெண்டாவது, பூனை மாதிரிதான், ஈசியா வளர்க்கலாம். இல்லவே இல்ல. மூணு காரணம் சொல்றேன்.

1) சூடு. ஃபெரட்டுக்கு வியர்வை மூலமா உடம்பைக் குளிர வைக்க முடியாது, 30 டிகிரி தாண்டினாலே திணறும். பெங்களூர் குளிர் ஊருங்கறதெல்லாம் மார்ச், ஏப்ரல் மத்தியானத்துக்குப் பொருந்தாது, பால்கனி கூண்டுல வெச்சுட்டு ஆஃபீஸ் போனா சாயந்தரம் வரும்போது உயிரோட இருக்குமான்னு சொல்ல முடியாது.

2) நாய் டிஸ்டெம்பர். தெருநாய்கள் கிட்ட இருக்கற இந்த வைரஸ் ஃபெரட்டுக்கு வந்தா கிட்டத்தட்ட மரணம்தான். செருப்புல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். நாய்க்குப் போடற எல்லாத் தடுப்பூசியையும் இதுக்குப் போடவும் கூடாது, சில வகை ஊசியே நோயைக் குடுத்துரும். மனுஷனுக்கு வர்ற ஃப்ளூவும் இதுக்கு வரும், இதுகிட்ட இருந்து நமக்கும் வரும். 1933ல லண்டன்ல மனுஷ இன்ஃப்ளூயன்ஸா வைரஸை முதல்ல பிரிச்செடுத்ததே ஃபெரட்டை வெச்சுத்தான், ஆராய்ச்சி பண்ணவர் முகத்துல ஒரு ஃபெரட் தும்மி அவருக்கே காய்ச்சல் வந்துச்சு.

3) ஜில் பருவத்துக்கு வந்தா. இது தெரியாமலே நிறைய பேரு பெண் ஃபெரட்டை வாங்கறாங்க. இணை சேர்ந்தாத்தான் அதுக்குக் கருமுட்டை வெளிய வரும், பருவம் தணியும். இல்லைன்னா மாசக்கணக்கா அதே நிலையில இருக்கும், ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் ஏறிக்கிட்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துரும், ரத்தம் ஊறறது நின்னு செத்துப் போகும். அடையாளம் பின்புறத்துல நல்லாத் தெரியற வீக்கம், ஈறு வெளுத்துப் போறது, முடி கொட்டறது. ஏற்கனவே வீட்டுல ஒரு ஜில் இருக்குன்னா இன்னைக்கே ஃபெரட் பார்த்த அனுபவம் இருக்கற ஒரு கால்நடை டாக்டரைத் தேடிக் கருத்தடை பத்திக் கேளுங்க, வீக்கம் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க.

வளர்க்க முடியலைன்னு தோணினா பன்னேர்கட்டா ரோட்டு ஓரத்துலயோ ஏரிக்கரையிலயோ விட்டுறாதீங்க, டாக்டர் மூலமா வேற ஆள் பாருங்க. சிட்டிக்கு வெளிய யாராவது நாயோ வலையோ எடுத்துக்கிட்டு முயலுக்குப் போறதைப் பார்த்தா கர்நாடக வனத்துறை உதவி எண் 1926, கிட்ட போய் வாக்குவாதம் பண்ணாம, இடத்தையும் நேரத்தையும் வண்டி நம்பரையும் சொன்னாப் போதும்.